வாட்ச்மேன் ரூமுக்குப் பூட்டு உண்டா?

கோயமுத்தூரில் எந்த மில்லுக்குப் போனாலும் கேட்டில் ஒரு வாட்ச்மேன் இருப்பார். பேர் எழுது, வண்டி நம்பர் எழுது, யாரைப் பார்க்கணும், எதுக்குப் பார்க்கணும் என்று சி.பி.ஐ. ரேஞ்சுக்கு விசாரிப்பார். மொத்த மில்லின் சாவிக்கொத்தும் அவர் ரூமில் ஓர் ஆணியில் தொங்கும். அந்த ரூமுக்குப் பூட்டு இருக்கிறதா என்று யாராவது பார்த்ததுண்டா?

இப்போது மில்லுக்கு இரண்டு வாட்ச்மேன். இரண்டாமவர் ஆபீஸ் மூலையில் டப்பா வடிவத்தில் பச்சை விளக்கை மினுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பெயர் ஃபயர்வால். உள்ளே வருகிற, வெளியே போகிற இன்டர்நெட் போக்குவரத்தையெல்லாம் நிறுத்தி விசாரிப்பது உத்தியோகம். ஆபீஸ் நேரத்தில் கிரிக்கெட் பார்க்க முடியாமல் போகும்போது நீங்கள் மனசுக்குள் திட்டுவது இவரைத்தான்.

இவருக்கு உத்தரவு போட ஓர் அட்மின் பக்கம் உண்டு. பிரவுசரில் நம்பரைத் தட்டினால் லாகின் கேட்கும். உள்ளே போய்விட்டால் நீங்கள்தான் ராஜா. எந்தக் கதவைத் திறப்பது, யாரை விடுவது, யாரை விரட்டுவது, எல்லாம் அங்கேதான். சாவிக்கொத்து தொங்குகிற ஆணி அதுதான். முறைப்படி அந்தப் பக்கம் ஆபீசுக்குள் ஒன்றிரண்டு கம்ப்யூட்டர்களுக்கு மட்டும் தெரியணும். நடைமுறையில் பல இடங்களில் உலகத்துக்கே தெரிகிறது.

ஏன் தெரிகிறது என்றால், அதற்கு நம்ம ஊர்க் காரணம்தான். ராத்திரி 11 மணிக்கு முதலாளி போன் செய்கிறார். "நெட்டு வர்லையாட்ட இருக்குது, என்னன்னு பாரு சாமி." சிஸ்டம் பையனுக்கு வீடு சூலூரில். மில் அன்னூர் ரோட்டில். "காலைல வந்து பாத்தர்றனுங்க" என்று சொல்லிப் பார்க்கட்டும், என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். அதனால் வீட்டிலிருந்தே பார்க்க வசதியாக அட்மின் பக்கத்தை வெளியுலகத்துக்குத் திறந்து வைக்கிறான். ஒரு ராத்திரிக்கென்று திறந்தது, ஒன்பது வருஷமானாலும் திறந்தே கிடக்கும். சோம்பேறித்தனம் என்று பையனைத் திட்டாதீர்கள். இரண்டாவது ஆள் போடாத சிக்கனத்துக்கு இது வட்டி.

"அதான் பாஸ்வேர்டு இருக்குதுல்லைங்க, அப்பறமென்ன?" என்பீர்கள். இருக்கிறது. சில கதைகள் சொல்கிறேன், கேளுங்கள்.

சைபரோம் என்ற பெயர் பழைய சிஸ்டம் ஆசாமிகளுக்கு ஞாபகம் இருக்கும். ஆமதாபாத்தில் பிறந்த, நம் நாட்டு ஃபயர்வால். 2012-ல் டோர் திட்டத்தைச் சேர்ந்தவர்கள் அதில் ஒரு வினோதத்தைக் கண்டுபிடித்தார்கள். ரகசியமாகப் பூட்டி வரும் தகவலைப் பிரித்துப் பார்க்க ஒவ்வொரு டப்பாவுக்குள்ளும் ஒரு சாவி உண்டு. அந்தச் சாவி எல்லா டப்பாவிலும் ஒன்றேதான்! டவுன்ஹால் கடைவீதி முழுக்கப் பூட்டு விற்றுவிட்டு, எல்லாவற்றுக்கும் ஒரே சாவி கொடுத்த மாதிரி. விஷயம் வெளியே வந்த பிறகுதான் டப்பாவுக்கொரு சாவி என்று மாற்றினார்கள்.

2014-ல் சோஃபோஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனி சைபரோமை வாங்கியது. 2018 டிசம்பரில் இந்தியாவிலிருந்த சைபரோம் அலுவலகத்துக்குள்ளேயே ஒரு களவாணி நிரல் பிடிபட்டது. எந்தக் கம்ப்யூட்டரில் தெரியுமா? சுவரில் மாட்டியிருந்த டி.வி. திரையை ஓட்டுவதற்காக வைத்திருந்த, யாரும் கண்டுகொள்ளாத ஒரு கம்ப்யூட்டரில். பூட்டுச் செய்கிறவர் வீட்டிலேயே கொல்லைப்புறக் கதவைத் தள்ளிப் பார்த்திருக்கிறார்கள். அடுத்த வருஷம், 2019-ல், சைபரோம் ஃபயர்வாலின் அட்மின் பக்கத்திலேயே ஓர் ஓட்டை தெரிந்தது. பாஸ்வேர்டே கேட்காமல் வெளியிலிருந்து அதற்குக் கட்டளை போடலாம். ஒட்டுப்போட்டார்கள்.

பெரிய கதை 2020 ஏப்ரலில். நாமெல்லாம் ஊரடங்கில் கபசுரக் குடிநீர் காய்ச்சிக்கொண்டிருந்த நேரம். 22-ம் தேதி சோஃபோஸ் கம்பெனிக்கு ஒரு புகார் வந்தது. எக்ஸ்.ஜி. ஃபயர்வாலின் அட்மின் பக்கத்தில் ஒரு கட்டத்துக்குள் சம்பந்தமில்லாத ஏதோ எழுதியிருக்கிறது என்றார்கள். தோண்டிப் பார்த்தால், அதுவரை யாருக்கும் தெரியாத ஓர் ஓட்டை வழியாக லாகின் செய்யாமலே எவனோ உள்ளே போய், யூசர் பெயர்களையும் உருமாற்றி வைத்த பாஸ்வேர்டுகளையும் அள்ளிக்கொண்டிருந்தான். அடி வாங்கிய டப்பாக்களுக்கெல்லாம் ஒரே ஜாதகம்: அட்மின் பக்கமோ, ஊழியர்கள் நுழையும் பக்கமோ வெளியே திறந்திருந்தது.

மூன்று நாளில் மருந்து அனுப்பினார்கள். தானாக அப்டேட் ஆகும் வசதியை அணைக்காமல் வைத்திருந்த டப்பாக்கள் தப்பித்தன. திருடர்கள் விடவில்லை. மருந்தைப் பார்த்ததும், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேரை இறக்கப் பார்த்தார்கள். அது பலிக்கவில்லை. 2024 டிசம்பரில் அமெரிக்க அரசு சீனாவின் செங்டூ நகரத்துக் கம்பெனி ஒன்றின் ஊழியர் மேல் குற்றச்சாட்டுப் பதிவை வெளியிட்டபோது கணக்கு தெரிந்தது: உலகம் முழுக்கச் சுமார் 81,000 ஃபயர்வால்கள். ஆளைப் பற்றித் தகவல் தந்தால் 1 கோடி டாலர் வரை சன்மானம் என்றும் அறிவித்தார்கள். நம்ம வாட்ச்மேன் காதில் விழுந்தால் வேலையை விட்டுவிட்டுத் தேடக் கிளம்பிவிடுவார்.

இது ஒரு கம்பெனியின் தலையெழுத்து மட்டும் இல்லை. உலகப் புகழ்பெற்ற பாலோ ஆல்டோ ஃபயர்வாலில் 2024 நவம்பரில் வெளியான ஓட்டையைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. அட்மின் பக்கத்துக்கு அனுப்பும் கோரிக்கையோடு, 'ஆத்செக்: ஆஃப்' என்று ஒரு வரியைச் சேர்த்து அனுப்பினால் போதும். அதாவது, "என்னைச் செக் பண்ண வேண்டாம்" என்று திருடனே சீட்டு எழுதிக் கொடுக்கிறான். வாட்ச்மேன் வாங்கிப் படித்துவிட்டு, "ஓ, அப்படீங்களா, போங்க" என்கிறார்! சுமார் 2,000 டப்பாக்கள் அப்படிச் சிக்கின. பாஸ்வேர்டு 32 எழுத்தில் வைத்திருந்தவருக்கும் இதே கதிதான். கேட்டால்தானே பாஸ்வேர்டு!

அமெரிக்காவில் 2023 ஜூனில் சர்க்கார் ஆபீஸ்களுக்கு ஓர் உத்தரவே போட்டார்கள். இந்த மாதிரி அட்மின் பக்கம் இன்டர்நெட்டில் தெரிகிறது என்று தகவல் வந்தால், 14 நாளில் எடுத்துவிடணும், இல்லை தகுந்த காவல் போடணும். நம் நாட்டில் செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவு வேறு மாதிரி. திருட்டு தெரிந்தால் 6 மணி நேரத்தில் தகவல் சொல்லணும், 180 நாள் லாக் வைத்திருக்கணும். நம்ம பக்கத்து ஆபீஸ்களில் லாக் என்றால் கதவைச் சாத்துவது என்றுதான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

திருப்பூரில் சனிக்கிழமை சம்பளம் என்பது சத்தியம் மாதிரி. வெள்ளிக்கிழமை ராத்திரி சர்வர் பூட்டிக்கொண்டால் பீஸ் ரேட் கணக்கு போச்சு, பில் போச்சு, கப்பலேற வேண்டிய சரக்கின் பேப்பர் போச்சு. தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும் அக்காவிடம் போய் "ஓட்டை"யைப் பற்றி விளக்க முடியுமா? அந்த வாரம் அவர் வீட்டில் மளிகைக் கடன் ஏறும். திங்கட்கிழமை சிஸ்டம் பையனுக்கு வேலை போகும். ஏ.எம்.சி.யைப் புதுப்பிக்கச் சொல்லி அவன் மூன்று தடவை மெயில் போட்டதும், "நல்லாத்தான ஓடிட்டிருக்குது, எதுக்குப் புதுப்பிக்கோணும்?" என்று பதில் வந்ததும் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

செய்ய வேண்டியதில் பாதிக்குப் பைசா செலவில்லை. வெளியிலிருந்து அட்மின் பக்கம் தெரிகிறதா என்று வீட்டு நெட்டிலிருந்து தட்டிப் பாருங்கள். தெரிந்தால் இன்றைக்கே மூடுங்கள். வெளியிலிருந்து வந்தே ஆகணும் என்றால் வி.பி.என்., கூடவே மொபைலுக்கு வரும் நம்பர். டப்பாவோடு வந்த பாஸ்வேர்டை மாற்றுங்கள். அப்டேட் வந்த அன்றைக்கே போடுங்கள். கம்பெனி கைகழுவிவிட்ட பழைய டப்பாவை எடைக்குப் போடுங்கள். சிஸ்டம் தம்பிகளே, முதலாளிக்கு அனுப்பிய மெயிலை மட்டும் பத்திரமாக ஒரு பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் ஆபீஸ் டப்பாவின் பாஸ்வேர்டு எங்கே இருக்கிறது என்று விசாரியுங்கள். "எங்கீங்க தேடறது, டப்பா மேலயே ஸ்டிக்கர்ல எழுதி ஒட்டிருக்குதுங்க" என்று பதில் வந்தால், இந்தப் பக்கத்தைக் கிழித்து அதன் மேல் ஒட்டிவிடுங்கள். ஸ்டிக்கராவது மறையும்.