கூலிக்காரன் மகளும் நீட் குடமும்

"நாற்று நடுகிறவள் மகளுக்கு டாக்டர் படிப்பு கேட்கிறதோ? நீட்டில் தோற்றாள் பார்!" இப்படிச் சிரிக்கிறார்கள் உத்திரமேரூர்ப் பக்கத்து மேட்டுக்குடித் திண்ணைகளில்.

சிரிப்பவர்களை நாம் கேட்கிறோம்: நம்மூர்க் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இருக்கிறதே, படித்தீர்களா? ஜனநாயகத்தின் தொட்டில் என்று மந்திரிகள் மார்தட்டுகிறார்கள். ஆனால் நிலமில்லாதவன் பெயர் அந்தக் குடத்தில் விழாது! கூலிக்காரனுக்கு அன்றும் கதவடைப்புத்தான்.

இன்றைய குடம் நீட். 2016-17-ல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தவர்களில், பள்ளியை முன்பே முடித்துவிட்டு மறுபடி முயன்றவர்கள் 100-க்கு 12 பேர். 2020-21-லோ 71 பேர்! நீதிபதி ஏ.கே. ராஜன் குழு கொடுத்த கணக்கு இது. மறுமுயற்சி என்றால் ஒரு வருஷச் சோறும் கோச்சிங் பணமும். பணக்காரப் பிள்ளை தோற்றால் "ரிப்பீட்டர்". நம் பிள்ளை தோற்றால் "மக்கு". என்ன நியாயம் ஐயா இது!

சட்டமன்றத்தின் விலக்கு மசோதாவை டில்லி 2025-ல் நிராகரித்தது. அந்தச் சண்டை ஓயாது. அதுவரை பெண்ணைக் களையெடுக்க அனுப்பிவிடாதீர்கள், தோழர்களே!

வினாத்தாளை எடுத்து, எந்தப் பாடத்தில் சறுக்கினாள் என்று பார்க்கட்டும். பதினோராம் வகுப்புப் புத்தகத்தை மறுபடி திறக்கட்டும். சரியான விடைக்கு 4, தப்புக்கு 1 கழிவு. குருட்டாம்போக்கில் குறித்தால் கையிருப்பும் கரையும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020 முதல் 7.5 சதவிகித உள்ஒதுக்கீடு உண்டு. கெஞ்சி வாங்கியதல்ல, கேட்டு வாங்கியது.

வீட்டில் இடமில்லையா? சங்கக் கட்டிடத்தில் விளக்கிருக்கிறது, பெஞ்சிருக்கிறது. சாவி நம்மிடம்தான்.