உரோமர் வாளும் உரோமர் சொல்லும்

மேலை உரோமின் இறுதிப் பேரரசன் அரியணை இழந்தது கி.பி. 476-இல். படை மறைந்தது, அரங்குகள் இடிந்தன, கொடி வீழ்ந்தது. ஆயினும், இன்றும் உலகம் நாளெண்ணுவது உரோமர் வகுத்த திங்கட் பெயர்களால் அன்றோ? சூலை சீசரின் பெயர். ஆகசுட்டு அவனுக்குப் பின் ஆண்ட அகசுட்டசின் பெயர். செபுதம்பர் என்றால் ஏழாவது என்பது பொருள். ஒன்பதாந் திங்களை ஏழாவது என்றழைக்கும் பொருந்தாமையையும் உலகம் தலைமேற் கொண்டு சுமக்கின்றது!

நம் அரசியலமைப்புச் சட்டத்தின் 32-ஆம் பிரிவைப் புரட்டுக. ஆங்குள்ள ஐவகைப் பேராணைகளுள் நான்கு, ஆட்கொணர்வுப் பேராணை உட்பட, ஆங்கில மூலத்தில் இலத்தீன் பெயரோடே நிற்கின்றன. புதிதாய்க் கண்ட மரஞ்செடிகளை 1935 முதல் 2011 வரை இலத்தீனில் விளக்கினாலன்றிப் பெயர் செல்லாது என்றிருந்தது. நம் தென்னாட்டு மாங்காயும் போர்த்துக்கீசியர் வாய்வழிச் சென்று, இலத்தீன் ஒட்டுப் பெற்று, ‘மாங்காய் தருவது’ என்னும் பொருளில் நிலைத்திணை நூலில் நிற்கின்றது.

இந்நிலைபேற்றுக்குக் கரணியம் யாது? வாள்வலி என்பர் சிலர். வாளே கரணியமாயின், வாள் ஒடிந்த அன்றே சொல்லும் ஒடிந்திருக்கும். கிறித்தவ மடங்கள் காத்தன என்பர் வேறு சிலர். காக்கத்தக்க நூல்கள் இருந்தமையாலன்றோ காத்தன? அந்நூல்கள் எழுந்த வரலாற்றைக் கலப்புமொழிக் காவலர் சற்றே செவிமடுப்பாராக!

கிரேக்கரை வாளால் வென்ற உரோமர், கலையிலும் மெய்ப்பொருளறிவிலும் அவர்க்குப் பின்னே நின்றனர். “எம் மொழியில் சொல் போதவில்லை” என்று உலுக்கிரீசியசு என்னும் பாவலன் வெளிப்படையாகவே வருந்தினான். வருந்தினானேயன்றிக் கைவிட்டானல்லன். அணுக்கொள்கையை ஆறு மடலமாக இலத்தீனிற் பாடியவன், அணுவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை ஓரிடத்தும் ஆளாமல், ‘வித்துகள்’, ‘முதற்பொருள்கள்’ எனப் பொருள்படும் தன் மொழிச் சொற்களையே ஆண்டான். சிசெரோ, ‘எத்தகையது’ எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லினின்று ‘தன்மை’ என்பதற்கு ஒரு சொல் படைத்தான்; வழக்கத்தைக் குறிக்கும் சொல்லினின்று ‘ஒழுக்கஞ் சார்ந்த’ என்பதற்கு ஒரு சொல் படைத்தான். குவாலிட்டி, மாரல் என்று இன்று நம்மவர் நுனிநாக்கிற் புரளுவன அவன் ஆக்கிய தனிச்சொற்களின் வழிவந்தனவே!

பேரரசன் திபேரியசு கிரேக்கம் நன்கறிந்தவன். எனினும் மூதவையில் தனியுரிமை வாணிகத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லொன்றைக் கூறநேர்ந்தபோது, முன்கூட்டியே பொறுத்தருள வேண்டினான். அவையின் ஆணையொன்றில் வேறொரு கிரேக்கச் சொல் கண்டு, அதனை நீக்குக என்றான். ஈடான தன்மொழிச் சொல் கிட்டாவிடின் பல சொற்களால் விரித்தேனும் எழுதுக என்றான். இலத்தீனிற் கிரேக்கச் சொல் பல புகுந்தமை மெய்யே. ஆனால் புகுந்ததற்கு நாணினர். புகுத்தியதைப் பெருமையெனப் பறைசாற்றினாரல்லர். நம்மவரோ தாய்மொழிச் சொல்லை ஆளவன்றோ நாணுகின்றனர்!

இனி, மறுபுறம் நோக்குக. உரோமர்க்கு எழுத்தளித்தவர் எத்திரசுக்கர். உரோமின் தொல்லரசர் சிலரும் அவ்வினத்தார் என்பது உரோமரே சொல்லிவந்த வரலாறு. அம்மக்களை எவரும் பூண்டோடு அழித்திலர். ஆள்வோர் மொழியே பயன்தரும் என்று அவர்தம் வழியினர் மெல்லமெல்லத் தம் மொழியை விட்டனர், பேரர் உரோமராயினர். இன்று அவர்தம் கல்வெட்டுகள் ஆயிரக்கணக்கில் உள. எழுத்தை ஒலிக்க இயலும். பொருளோ முற்றும் விளங்குவதில்லை. எழுத்துக் கொடுத்த இனத்தின் சொல்லை எடுத்துரைக்க உலகில் ஒருவரும் இலர்!

இருவேறு வழிகள் இவை. பிறரறிவைத் தன்மொழியில் வாங்கிய இனம், அரசழிந்தும் உலகின் நாவில் வாழ்கின்றது. தன்மொழியைப் பிறர்க்கு விட்டுக்கொடுத்த இனம் கல்லறைக் கல்லாய்க் கிடக்கின்றது.

உரோமர்க்கு நாடாள்வதற்குப் படையிருந்தது. சொல்லாக்குவதற்கோ நெஞ்சுரமே இருந்தது. அவ்வுரம் நமக்கு ஏன் இல்லை? புதுப்பொருள் ஒவ்வொன்றுக்கும் தமிழ்ச்சொல் ஆக்குக. ஆக்கியதை நாணாது வழங்குக. வீட்டிலும் கடையிலும் மன்றிலும் வழங்குக. வழங்காத சொல் வாழாது. சொல் வாழா இனமும் வாழாது!