எதற்கெடுத்தாலும் போர்மட்டா?



கொம்பியூட்டர் மெதுவாக வேலை செய்கிறதா? போர்மட். பிரிண்டர் வேலை செய்யவில்லையா? போர்மட். பென் டிரைவில் ஃபைல்களைக் காணவில்லையா? அதற்கும் போர்மட். "போர்மட் அடிச்சாத்தான் சேர் சரி வரும்" என்ற ஒற்றை வசனத்தை எத்தனை வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்! எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான் இது.

கொளுத்தப்படும் அந்த வீட்டுக்குள் என்ன இருக்கிறது என்று யாராவது கேட்கிறார்களா? தவணைப் பரீட்சைப் புள்ளிகள் இருக்கின்றன. பத்து வருட வினாத்தாள்கள் இருக்கின்றன. நேரசூசி, மாணவர் விபரம், விளையாட்டுப் போட்டிப் படங்கள் எல்லாம் இருக்கின்றன. ஒரு ஆசிரியர் இரவிரவாக இருந்து டைப் பண்ணியவை அவை. கடையில் ஒரு மணித்தியாலத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது. "டி டிரைவில் கை வைக்கல்ல" என்று ஆறுதல் வேறு. ஆனால் டெஸ்க்டொப், டொகியூமன்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றும் வழமையாக இருப்பது சி டிரைவில். நம்மில் பெரும்பாலானோர் வேலைகளைச் சேமிப்பதும் அங்கேதான்.

பென் டிரைவ் விடயத்தைப் பாருங்கள். பாடசாலைகளில் சுற்றித் திரியும் ஷோர்ட்கட் வைரஸ் அநேகமாக ஃபைல்களை அழிப்பதில்லை. அவற்றை மறைத்து வைத்துவிட்டு, அதே பெயரில் ஷோர்ட்கட்டை வைக்கிறது. கொமாண்ட் புரொம்ப்டில் 'அட்ரிப்' கட்டளை ஒன்றைக் கொடுத்தால் மறைந்தவை வெளியே வரும். அவற்றைப் பிரதி எடுத்த பின் வைரஸைத் துப்புரவு செய்யலாம். ஐந்து நிமிட வேலை. இதற்குப் போய் போர்மட் அடிப்பது வைத்தியமா?

மெதுவாக இயங்கும் கொம்பியூட்டரும் அப்படித்தான். ரேம் போதாமல் இருக்கலாம், உள்ளே தூசு அடைத்திருக்கலாம், ஹார்ட் டிஸ்க்கே பழுதாகிக்கொண்டிருக்கலாம். டிஸ்க்கின் நிலையைச் சொல்ல இலவச மென்பொருட்களே இருக்கின்றன. பழுதாகும் டிஸ்க்கில் புது விண்டோஸ் போட்டால் சில வாரம் ஓடும். பிறகு மொத்தமாகப் படுத்துவிடும். அப்போது மீண்டும் கடை, மீண்டும் காசு.

இன்னொரு பக்கம் இதைவிடப் பாரதூரமானது. வழமையாக அடிக்கப்படும் விரைவுப் போர்மட் எதையும் உண்மையில் அழிப்பதில்லை. நூலகத்தில் புத்தகங்களை றாக்கையிலேயே விட்டுவிட்டு, பட்டியலை மட்டும் கிழித்து எறிவது போன்றது அது. புதிய தரவு மேலே எழுதப்படும் வரை பழையது ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கும். ரெகூவா போன்ற இலவச மென்பொருளைக் கொண்டே அதில் கணிசமானதை மீட்கலாம். அதாவது, போர்மட் அடித்த பின் தரவு நமக்கு இல்லை. ஆனால் தேடத் தெரிந்த அந்நியருக்கு இருக்கிறது! பழைய கொம்பியூட்டரை விற்கும்போது நம் பிள்ளைகளின் முகவரியும் புள்ளியும் படமும் சேர்ந்தே விலைபோகின்றன. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும் நாட்டில்தான் இது நடக்கிறது.

திரும்பி வரும் கொம்பியூட்டரின் நிலை என்ன? அநேகமாக கிராக் பண்ணிய விண்டோஸ். கிராக் மென்பொருளுடன் வைரஸும் சேர்ந்தே வருவது ஊரறிந்த விடயம். பாமினி எழுத்துருவும் போயிருக்கும். பென் டிரைவில் தப்பிய வினாத்தாளைத் திறந்தால் தமிழுக்குப் பதில் புரியாத ஆங்கில எழுத்துக்கள். யுனிகோட்டில் டைப் பண்ணினால் அந்தத் தொல்லையே இல்லை.

"நாள் முழுக்க இருந்து பார்த்தால் எங்களுக்குக் கட்டுமா?" என்று கடைக்காரத் தம்பிமார் கேட்பது நியாயம். நேரத்துக்குரிய கூலியை நாம் கொடுக்கத்தான் வேண்டும். போர்மட் தேவைப்படும் சந்தர்ப்பங்களும் உண்டு. வைரஸ் ஆழமாக ஊடுருவியிருந்தால் வேறு வழியில்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. டிபிஎம் 2.0 இல்லாத பழைய கொம்பியூட்டர்கள் விண்டோஸ் 11க்குத் தகுதி பெறாது. அவற்றுக்கு லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளம் போடலாம். நாம் போர்மட்டுக்கு எதிரிகள் அல்ல. கடைசி மருந்தை முதல் மருந்தாகக் கொடுப்பதைத்தான் எதிர்க்கிறோம்.

ஆகவே, கொம்பியூட்டரைக் கையில் கொடுக்குமுன் இவற்றைக் கேட்போம்:

1. பழுது என்ன? காரணம் சொல்லாமல் போர்மட் இல்லை.

2. தரவைப் பிரதி எடுத்தாயிற்றா? விண்டோஸ் திறக்காவிட்டாலும், பென் டிரைவில் இருந்து லினக்ஸை இயக்கி ஃபைல்களை வெளியே எடுக்கலாம். "எடுக்க ஏலாது" என்பதை உடனே நம்ப வேண்டாம்.

3. எடுத்த பிரதி திறக்கிறதா? திறந்து பார்த்த பிறகே போர்மட்.

4. விற்கப் போகிறோமா? பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் விரைவுப் போர்மட் போதாது, முழுப் போர்மட் வேண்டும். முடிந்தால் டிஸ்க்கையே கழற்றி வைத்துக்கொள்வோம்.

முக்கியமானவற்றுக்கு மூன்று பிரதிகள் இருக்கட்டும். அதில் ஒன்றாவது பாடசாலைக்கு வெளியே, கூகிள் டிரைவிலோ வேறு பாதுகாப்பான இடத்திலோ இருக்கட்டும்.

தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தை ஒரு பாடமாகவே படிப்பிக்கிறோம். அந்தப் பாடத்தின் புள்ளிகளையே ஒரு மணித்தியாலத்தில் தொலைக்கும் பழக்கத்தை இன்னும் எத்தனை காலம் பொறுத்துக்கொள்ளப் போகிறோம்?

உங்கள் பாடசாலை வட்ஸ்அப் குழுமத்திலும் பகிருங்கள். அடுத்த தவணைப் பரீட்சைக்கு முன் ஒரு பிரதியாவது எடுபடட்டும்.