உப்புத் தண்ணீரில் ஞாபகசக்தி: வேகத்தை வைத்து எடை போடலாமா?

உப்புத் தண்ணீருக்கு ஞாபகம் இருக்குமா? மிகக் குறுகலான கால்வாயில் அடைத்தால் இருக்கும் என்கிறது அறிவியல். ‘அப்படின்னா இனி சிலிக்கான் சிப் எதுக்கு?’ என்று கேட்கத் தோன்றும். கொஞ்சம் பொறுங்க.

எதற்கு இந்த முயற்சி?

கணினியில் நினைவகம் ஓரிடம், கணக்குப் போடும் பகுதி வேறிடம். இரண்டுக்கும் நடுவே தரவுகள் ஓடிக்கொண்டே இருப்பதால் மின்சாரம் வீணாகிறது. மூளையில் இந்த அலைச்சல் இல்லை. நியூரான்கள் சந்திக்கும் இணைப்பிலேயே நினைவும் பதிகிறது, வேலையும் நடக்கிறது. மொத்த மூளைக்கும் சுமார் 20 வாட் போதும். அங்கே செய்தி சுமப்பவை சோடியம், பொட்டாசியம் போன்ற அயனிகள்.

தண்ணீர் எப்படி நினைவில் வைக்கிறது?

முன்பு பாய்ந்த மின்னோட்டத்தைப் பொறுத்துத் தன் மின்தடையை மாற்றிக்கொள்ளும் சாதனம் சாத்தியம் என்று 1971-ல் லியோன் சுவா சொன்னார். அதன் பெயர் மெம்ரிஸ்டர். 2023-ல் பாரிஸ், மான்செஸ்டர் ஆய்வாளர்கள் அதை உப்புநீரில் செய்துகாட்டி, ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் கிடைப்பது ஒரு நானோமீட்டர். அந்த அளவில் அமைந்த கால்வாய்கள் அவை. மின்னழுத்தம் கொடுத்ததும் அயனிகள் சுவரில் ஒட்டுகின்றன, அல்லது தங்களுக்குள் கூட்டுச் சேர்கின்றன. மின்னழுத்தத்தை எடுத்தாலும் சட்டென்று கலைவதில்லை. இந்தத் தாமதம்தான் ஞாபகம் என்பது அவர்கள் தரும் விளக்கம். நிமிடங்கள் முதல் மணிக்கணக்கு வரை அது நீடித்தது.

சிப்புக்கு மாற்றா?

என் கருத்து: இல்லை. 2024-ல் சுவிட்சர்லாந்தின் லோசான் ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட இரண்டு சாதனங்களை இணைத்துத் தர்க்கச் செயல்பாட்டை நிகழ்த்தினார்கள். நல்ல முன்னேற்றம்தான். ஆனால், இன்றைய சிப் ஒன்றில் பல நூறு கோடி டிரான்சிஸ்டர்கள் இருக்கின்றன. தண்ணீரில் நகரும் அயனியால் எலக்ட்ரானின் வேகத்துக்கு ஈடுகொடுக்கவும் முடியாது.

ஆனால் வேகம் மட்டுமே அளவுகோலா? நம் நரம்புகளும் மெதுவானவைதான். மில்லிநொடிக் கணக்கில்தான் வேலை செய்கின்றன. அவற்றோடு அயனி மொழியிலேயே பேசும் கருவி கிடைத்தால், செயற்கை உறுப்புகளுக்கும் உடலுக்குள் வைக்கும் உணரிகளுக்கும் அது பெரிய கொடை. ‘தண்ணீர் கணினி’ என்று இப்போதே ஆசை காட்டினால், ஐந்து வருஷத்தில் ‘எங்கேப்பா கணினி?’ என்று கேட்டு நிதியை நிறுத்துவார்கள். மெதுவாக விளையும் பயிரை அவசரத்தில் பிடுங்கிவிடக் கூடாது.