பேசாதவர்களை நீக்கும் அண்ணாச்சிக்கு

‘மூன்று மாதமாக ஒரு வார்த்தைகூடப் பதிவிடாத உறுப்பினர்கள் ஞாயிறு மாலைக்குள் குழுவிலிருந்து நீக்கப்படுவார்கள். ஆர்வம் உள்ளவர்கள் மட்டும் இருந்தால் போதும்.’

சென்ற ஆடியில் எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் அட்மின் அண்ணாச்சி போட்ட அறிவிப்பு இது. கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். ‘சரியான முடிவு அண்ணாச்சி’ என்றார் ஒருவர். ‘களை எடுத்தாத்தான் பயிர் வளரும்’ என்றார் இன்னொருவர். அவர் வயலில் இறங்கிப் பல வருஷம் இருக்கும். சொன்னபடியே ஞாயிறு மாலை நாற்பத்தொரு பேர் போனார்கள். அதில் ஒருவர் எங்கள் பக்கத்து வீட்டு மதினி.

மதினிக்குப் பயர் ஆபீஸில், அதாவது பட்டாசு ஆலையில், திரி செருகுகிற வேலை. காலையில் தெருமுக்குக்கு வேன் வந்துவிடும். ஆலை வாசலில் செல்போனைக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பீடி, தீப்பெட்டியோடு அதுவும் சேர்த்தி. மருந்து இருக்கிற இடத்துக்குள் நுழையக் கூடாத சாமான். அப்புறம் சாயங்காலம்வரை அந்தப் போன் வாசல் ஷெட்டில் தூங்கும். எங்கள் குழுவில் காரசாரமான விவாதங்களெல்லாம் நடப்பது காலை பத்திலிருந்து மாலை நாலுக்குள். கடையில் கல்லாவில் இருப்பவர்கள், ஓய்வு பெற்றவர்கள், வெளிநாட்டில் இருக்கிற பையன்கள் ஆகியோருக்குத் தோதான நேரம். வெம்பக்கோட்டை, சாத்தூர், சிவகாசிப் பக்கம் எந்த ஊர்க் குழுவை எடுத்தாலும் இதே கதைதான். பகலெல்லாம் மருந்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர்களை ‘ஆர்வம் இல்லாதவர்கள்’ என்று எழுதுகிறோம்.

நான் சண்டை போடுவது அண்ணாச்சியோடு அல்ல. அவர் நல்ல மனிதர், ஊருக்காக ஓடுகிறவர். அவர் தலைக்குள் யாரோ வைத்துவிட்டுப் போன ஒரு நம்பிக்கையோடுதான் என் வழக்கு. குழுவில் எழுதுகிறவன் பங்கேற்கிறான், வாசிக்கிறவன் சும்மா இருக்கிறான் என்பது அந்த நம்பிக்கை. இது படித்தவர், படிக்காதவர் எல்லோரையும் பிடித்திருக்கிறது. முன்னாள் மாணவர் குழு, தெருக்குழு, கோயில் திருப்பணிக் குழு, கட்சியின் வார்டுக் குழு என்று எங்கே போனாலும் ‘அமைதியாக இருக்கும் நண்பர்களே’ என்று ஒரு குத்தல் வந்தே தீரும்.

இந்த நம்பிக்கை வெளியூர்ச் சரக்கு. ஜேக்கப் நீல்சன் என்ற வல்லுநர் 2006இல் ஒரு கணக்குச் சொன்னார்: இணையக் கூட்டங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வாசிக்க மட்டும் செய்கிறார்கள், ஒன்பது பேர் எப்போதாவது எழுதுகிறார்கள், மிச்சம் ஒரே ஒருவர்தான் பெரும்பாலானதை எழுதித் தள்ளுகிறார். அந்தத் தொண்ணூறு பேருக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரைத் தமிழில் சொன்னால் ‘பதுங்கியிருப்பவர்கள்’ என்று வரும். திருட வந்தவனுக்கு வைக்கிற பெயர். கணக்கைக் கேட்டவர்கள் அந்த ஒருவரின் இரைச்சலை நோயென்று நினைக்கவில்லை. தொண்ணூறு பேரின் மௌனத்துக்குத்தான் மருந்து தேடினார்கள்.

வேடிக்கை என்னவென்றால், இந்தச் செயலிகளை நடத்துகிற கம்பெனிகளே அப்படி எண்ணுவதில்லை. ‘மாதாந்திரத் துடிப்பான பயனர்’ என்று அவர்கள் முதலீட்டாளர்களுக்குக் காட்டும் கணக்கில், மாதத்தில் ஒரு தடவை திறந்து பார்த்தவரும் சேர்த்திதான். விளம்பரம் விற்கிறவனுக்கு மதினி உயிரோடு இருக்கிறார். அண்ணாச்சிக்குத்தான் செத்துப்போய்விட்டார்.

இன்னொன்று. அட்மின் மட்டுமே எழுதலாம் என்று குழுவைப் பூட்டி வைக்கும் வசதியை வாட்ஸ்அப் 2018இல் கொண்டுவந்தது. பள்ளிக்கூடத் தகவல், தண்ணீர் விடும் நேரம், மின்தடை அறிவிப்பு எல்லாம் இன்று பல ஊர்களில் அப்படிப் பூட்டிய குழுக்களில்தான் வருகின்றன. அங்கே எல்லோருமே ஊமை. ஆனாலும் குழாயில் தண்ணீர் வருகிற நேரத்துக்குக் குடங்கள் சரியாக வரிசையில் நிற்கின்றன. அங்கே யாரும் யாரையும் களை என்று பிடுங்குவதில்லை.

‘பங்கேற்பு’ என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். பங்கை ஏற்பது. அதில் பாரம் இருக்கிறது, கை இருக்கிறது. வாய் எங்கே இருக்கிறது?

நம்முடைய ஊர்களே இதற்குச் சாட்சி. விருதுநகர் சத்திரிய வித்தியாசாலையில் அந்தக் காலத்தில் பள்ளிச் சம்பளம் கிடையாது. காமராஜர் படித்தது அங்கேதான். அந்தப் பள்ளிக்கூடத்தை நடத்த வீட்டுக்கு வீடு பிடியரிசி எடுத்தார்கள். உலையில் போட அரிசி அளக்கும்போது ஒரு பிடியைத் தனியே எடுத்து வைப்பது, அதைச் சேர்த்து வந்து வாங்கிப் போவது. பிடி எடுத்து வைத்த பெண்கள் உறவின்முறைக் கூட்டத்தில் உட்கார்ந்து பேசியதில்லை. அங்கே அவர்களுக்கு இடமே இல்லை. கூட்டத்தில் பேசிய ஆண்களின் பெயர் கல்வெட்டில் இருக்கிறது. பிடியரிசி போட்டவர்கள் பெயர் எங்கேயும் இல்லை. வியாபாரத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று எடுத்து வைத்த மகமையும் அப்படித்தான்: சத்தமில்லாமல் சேர்ந்து பள்ளியாக, கிணறாக, சாவடியாக நின்றது. இதில் சாதி எல்லை இருந்தது என்பதை நான் மறைக்கவில்லை. உறவின்முறை என்பதே ஒரு சாதிக்குள் போட்ட வட்டம். அந்த வட்டத்துக்குள்ளேயும் பேசியவர் சிலர், சுமந்தவர் பலர். ‘மூன்று மாதமாகக் கூட்டத்தில் வாய் திறக்காத வீடுகளின் பிடியரிசி ஏற்றுக்கொள்ளப்படாது’ என்று அன்று யாராவது அறிவித்திருந்தால் பள்ளிக்கூடம் அடுத்த வாரமே மூடியிருக்கும்.

சுயமரியாதை இயக்கத்தின் மூன்றாவது மாகாண மாநாடு 1931இல் விருதுநகரில்தான் நடந்தது. 1925இல் தொடங்கிய அந்த இயக்கத்தின் பத்திரிகை ‘குடி அரசு’ இந்தப் பக்கமெல்லாம் எப்படிப் பரவியது? எழுத்துத் தெரிந்த ஒருவர் டீக்கடையிலோ திண்ணையிலோ உரக்கப் படிக்க, எழுத்துத் தெரியாத பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். கேட்டவர்கள் ஆசிரியருக்குக் கடிதம் போடவில்லை. வீட்டுக்குப் போய்த் தாலி இல்லாமல் கல்யாணம் நடத்தினார்கள், ஐயரில்லாமல் கருமாதி செய்தார்கள், சொந்தக்காரர்களிடம் வசவு வாங்கினார்கள். அவர்கள் அந்தப் பத்திரிகையில் ‘பங்கேற்கவில்லை’ என்று சொல்ல யாருக்கு நாக்கு வரும்?

சரி, இப்போது கசப்பான இடத்துக்கு வருகிறேன்.

எங்கள் பக்கம் ஒரு வெடிவிபத்து நடந்தால் முதல் செய்தி சத்தம்தான். இரண்டாவது செய்தி வாட்ஸ்அப். பத்தே நிமிஷத்தில் குழு கொதிக்கும். கூப்பிய கை, அழுகிற முகம், மெழுகுவத்தி, ‘ஆழ்ந்த இரங்கல்’. எங்கோ என்றோ நடந்த விபத்தின் படம் இன்றைய படமாக வரும். இரண்டு வருஷத்துக்கு முந்தைய புகைமூட்டம் மறுபடி எழும்பும். இந்த இரைச்சலுக்குள் ஒரே ஒரு செய்திக்காக ஒரு வீடு காத்துக்கிடக்கும்: யாரை எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்? சாத்தூரா, சிவகாசி அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவா, மதுரை ராஜாஜி மருத்துவமனையா? ஆம்புலன்சோடு போன யாரோ ஒருவர் பெயர்ப் பட்டியலைப் போட்டிருப்பார். அதன்மேல் இருநூறு கூப்பிய கைகள் வந்து விழும். கட்டை விரலால் தள்ளித் தள்ளித் தன் பிள்ளையின் பெயரைத் தேடுகிற ஒரு தாயை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த நேரத்தில் யார் பங்கேற்கிறார்கள்? கை கூப்பியவரா, பட்டியல் கண்ணில் படட்டும் என்று விரலை அடக்கிக்கொண்டவரா? நம் கணக்கில் முன்னவர் துடிப்பானவர், பின்னவர் களை.

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. சிவகாசிக்குப் பக்கத்தில் நடந்த அந்த விபத்தில் நாற்பது பேருக்குக் குறையாமல் செத்தார்கள் என்று இந்தப் பக்கம் இன்றும் பேசுவார்கள். செத்தவர்களில் பலர் அந்த ஆலையின் தொழிலாளர்கள் அல்லர். முதல் வெடிச் சத்தம் கேட்டு உதவவும் பார்க்கவும் ஓடிவந்த அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள். அடுத்தடுத்து வெடித்ததில் அவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கூப்பிடாமலே ஓடுகிற ஊர் எங்களுடையது. ஆனால் அன்றைக்கு இந்த வட்டாரம் விலை கொடுத்துக் கற்ற பாடம் ஒன்று உண்டு. ஆபத்து நேரத்தில் போய் நிற்பது மட்டும் உதவி அல்ல, வழி விடுவதும் உதவி. போலீஸ் கயிறு கட்டுவது அதற்காகத்தான். செல்போனில் யாரும் கயிறு கட்டவில்லை. 2022இல் ஒரு வாட்ஸ்அப் குழுவுக்கான உச்சவரம்பு 1,024 பேர் ஆனது. ஆயிரத்து இருபத்துநாலு பேர் ஒரே வாசலில்.

இதற்கு எதிராக ஒரு வாதம் இருக்கிறது. அது சின்ன வாதமும் அல்ல. எல்லோரும் மௌனமாக இருந்தால் குழு எதற்கு? யாராவது பட்டியலைப் போட்டால்தானே தாய் தேட முடியும்? உண்மை. எழுதுகிறவர் இல்லாமல் வாசிக்கிறவர் இல்லை. ஊர்ப்பந்தியில் பரிமாற ஆளே இல்லாமல் எல்லோரும் இலைமுன் உட்கார்ந்தால் சோறு வராது. நான் எழுதுகிறவரைக் குறைக்கவில்லை. சாப்பிட்டவனைப் பார்த்து ‘நீ கல்யாணத்துக்கே வரவில்லை’ என்று சொல்லாதே என்கிறேன்.

ஆனால் எல்லா மௌனத்தையும் நான் தூக்கிப் பிடிக்கப் போவதில்லை. பயத்தால் வருகிற மௌனமும் இங்கே உண்டு. 2021 பிப்ரவரி 12இல் சாத்தூர்ப் பக்கம் அச்சங்குளத்தில் ஆலை வெடித்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். விசாரணையில் உள்குத்தகை வெளியே வந்தது: உரிமம் ஒருவர் பெயரில், ஷெட்டுகள் பலர் கையில். இந்த வட்டாரத்தில் உள்குத்தகை என்றால் டீ ஆற்றுகிறவருக்கும் தெரியும். ஓர் அறையில் நாலு பேர்தான் இருக்க வேண்டும் என்றால் எத்தனை பேர் இருந்தார்கள் என்பது வேனில் வருகிறவர்களுக்குத் தெரியும். ஊர்க் குழுவில் யாராவது எழுதினார்களா? எப்படி எழுதுவார்கள்? அதே குழுவில் போர்மேன் இருக்கிறார், காண்ட்ராக்டர் இருக்கிறார், முன்பணம் கொடுத்தவர் இருக்கிறார். எழுதினால் மறுநாள் வேன் தெருமுக்கில் நிற்காது. மறுநாள் பத்திரிகையில் ‘மருந்து கலக்கும்போது உராய்வு ஏற்பட்டு’ என்று எப்போதும் போல ஒரு வரி வரும். உராய்வு என்றால் யாருக்கும் யாருக்கும் இடையில் என்று அது சொல்லாது.

இந்த மௌனத்தைப் பங்கேற்பு என்று சொன்னால் நான் பொய்யனாவேன். அதே சமயம், பாதுகாப்பு எதையும் தராமல் ‘பேசு, பேசு’ என்று குழுவில் குத்துகிற அண்ணாச்சியை என்ன சொல்வது? மூன்று மாதம் எழுதாதவர் என்று எண்ணுகிற கணக்கு, பயந்து பேசாதவரையும் பட்டியலுக்கு வழி விட்டவரையும் வேலை முடிந்து வந்து நிதானமாக வாசிக்கிறவரையும் ஒரே கோணியில் போட்டுக் கட்டுகிறது. பயந்தவருக்கு வேண்டியது போர்மேன் இல்லாத ஒரு தனிக்குழு. அவரைப் பிடித்து வெளியே தள்ளியதால் என்ன கிடைத்தது? உள்குத்தகையைப் பற்றித் தெரிந்தவர்கள் வெளியே, ‘காலை வணக்கம்’ போடுகிறவர்கள் உள்ளே.

காலை வணக்கம் என்றதும் நினைவுக்கு வருகிறது. எங்கள் குழுவின் ‘துடிப்பான உறுப்பினர்’ ஒருவர் தினமும் ரோஜாப்பூப் படம் போடுகிறவர். ஊர் ஏரிக்கரை உடைந்த நாளிலும் ரோஜாப்பூ வந்தது. அவர் நீக்கப்படவில்லை, நீக்கவும் முடியாது, விதிப்படி அவர் முதலிடம்.

மதினி நீக்கப்பட்டது அவருக்கே ஒரு வாரம் தெரியாது. குழு ஏன் மௌனமாக இருக்கிறது என்று என்னிடம் கேட்டார். சொன்னதும் சிரித்துவிட்டு, “எழுதுறதுக்கு என்ன இருக்கு? அதான் எல்லாத்தையும் படிச்சிருவேன்ல” என்றார்.

அவர் படித்தது தனக்காக மட்டும் இல்லை. சாயங்காலம் குழாயடியில் குடம் நிரம்புகிற நேரத்தில், அன்றைக்கு வந்த நூற்றுச் சொச்சம் செய்திகளில் ரோஜாப்பூவையும் சண்டையையும் தள்ளிவிட்டு, வேண்டிய இரண்டை மட்டும் சொல்வார். எங்கள் சந்தில் நாலு வீட்டில் அந்த மாதிரிப் போன் இல்லை. ரேஷன் கடையில் பாமாயில் வந்தது, தடுப்பூசி நாள், கோயில் வரி கட்டக் கடைசித் தேதி என்று எதுவானாலும் அந்த நாலு வீட்டுக்கும் குழு என்பது மதினியின் வாய்தான்.

புரட்டாசியில் நல வாரியத்தில் பதிவதற்கு ஒரு முகாம் போட்டார்கள். அண்ணாச்சிதான் அலைந்து திரிந்து ஏற்பாடு செய்தார். குழுவில் மூன்று தடவை அறிவித்தார். சமுதாயக் கூடத்தில் நாற்காலி போட்டு, குடிக்கத் தண்ணீர்க் கேன் வைத்து, பத்து மணியிலிருந்து காத்திருந்தார்கள். எங்கள் சந்திலிருந்து ஒருவரும் போகவில்லை. நான் அன்றைக்கு ஊரில் இல்லை. திரும்பி வரும்போது குழாயடியில் நாலு வீட்டுப் பெண்களும் குடத்தோடு நின்றிருந்தார்கள். “முகாமா? எப்ப?” என்றார் ஒருவர்.

ராத்திரி அண்ணாச்சி குழுவில் எழுதினார்: ‘எவ்வளவு செய்தாலும் நம் மக்களுக்கு அக்கறையே இல்லையே, ஏன்?’

விடிவதற்குள் அறுபதுக்கும் மேல் கட்டைவிரல். ரோஜாப்பூக்காரர் முதல் ஆளாகப் போட்டிருந்தார்.