கோடையில் அடுப்புக்கு ஒரு நாள் விடுமுறை

2022 ஆம் ஆண்டு யூலை 19 ஆம் திகதி ஹீத்ரோவில் வெப்பநிலை 40 பாகையைத் தாண்டியது. பிரித்தானியாவில் 40 பாகை பதிவானது அன்றுதான் முதல் தடவை. குளிரைத் தாங்கவென்று கட்டப்பட்ட எமது லண்டன் வீடுகளில் அன்றும் சோறு, பருப்பு, இரண்டு கறி, ஒரு பொரியல் என்று அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்திருக்கும். அந்த அடுப்படியில் நிற்பவர் பெரும்பாலும் அம்மா, சில வீடுகளில் எழுபது வயதைத் தாண்டிய அம்மம்மா. இதை நாம் யோசிப்பதே இல்லை.

சலாட் என்றதும் "ஆடு, மாடு தின்கிற குழை" என்று முகம் சுளிப்பவர்கள் எம்மிடையே அதிகம். ஆனால் வல்லாரைச் சம்பலும் வெங்காயச் சம்பலும் அடுப்பில் வைக்காத உணவுகள்தானே? நாம் அவற்றைச் சோற்றுக்குப் பக்கத்தில் ஒரு கரண்டி வைக்கிறோம். கிரேக்கர்கள் தக்காளி, வெள்ளரி, வெங்காயத்துடன் பெற்றா சீஸைச் சேர்த்துக் கோப்பை நிறைய உண்கிறார்கள். கிழமையில் இரண்டு இரவுகளாவது நாமும் அப்படிச் சாப்பிட்டால் என்ன என்பதே என் கேள்வி. தென்னாசியர்களான எமக்கு நீரிழிவு இளவயதிலும் குறைந்த எடையிலும் வருகிறது. உடல் நிறைச் சுட்டெண் 23 ஐத் தொட்டாலே கவனம் வேண்டும் என்பது இங்குள்ள மருத்துவ வழிகாட்டல். இரவில் குவித்துப் போடும் சோற்றைக் குறைக்கக் கோடையை விட நல்ல காலம் இல்லை.

நான்கு பேருக்கு இரண்டு வெள்ளரிக்காய், நான்கு பழுத்த தக்காளி, ஒரு சிவப்பு வெங்காயம், ஒரு குடைமிளகாய் போதும். எல்லாவற்றையும் கழுவிப் பெரிய துண்டுகளாக வெட்டுங்கள். ரின்னில் வரும் கொண்டைக்கடலையைக் கழுவி வடித்துச் சேர்த்தால் பசி தாங்கும், சீனியும் சட்டென்று ஏறாது. ஒரு மேசைக்கரண்டி ஒலிவ் எண்ணெய், அரைத் தேசிக்காய்ப் புளி, மிளகுதூள், ஒரு பிடி புதினா. காரம் இல்லாமல் இறங்காது என்பவர்கள் ஒரு பச்சைமிளகாயை அரிந்து போடலாம், கிரேக்கர்கள் கோபிக்க மாட்டார்கள். கடைசியாக 120 கிராம் பெற்றாவை உதிர்த்துத் தூவுங்கள். கிறீன் லேன்ஸ் பகுதியிலுள்ள துருக்கிக் கடைகளில் விற்கும் வெள்ளைச் சீஸும் நன்றாக இருக்கும்.

உப்பு மட்டும் போடாதீர்கள். ஆளுக்கு 30 கிராம் பெற்றாவிலேயே ஏறக்குறைய முக்கால் கிராம் உப்பு இருக்கிறது. வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 6 கிராமே எல்லை. கருவாடும் ஊறுகாயும் மோர்மிளகாயும் அந்தக் கணக்கை எப்போதோ முடித்துவிடுகின்றன. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் பெற்றாவைச் சிறிது நேரம் தண்ணீரில் ஊறவைத்து வடித்தால் உப்புக் குறையும். அல்லது பனீரைப் பாவிக்கலாம், அதில் உப்பு மிகக் குறைவு. கர்ப்பிணிகள் பாஸ்சர் முறையில் காய்ச்சிய பாலில் செய்த சீஸ்தானா என்று பெட்டியில் பார்த்து வாங்க வேண்டும்.

மிஞ்சினால் வெளியே வைக்காமல் 5 பாகைக்கு மேற்படாத குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். மறுநாள் வேலைக்குக் கொண்டுபோவதானால் புளியையும் சீஸையும் புறம்பாக எடுத்துச் சென்று சாப்பிடும்போது சேருங்கள், வெள்ளரி தண்ணீர் விடாது.