முழுநேர பி.எட். பயிலும் குடும்பப் பெண்களின் கோரிக்கை மனு

அனுப்புநர்
நிர்வாகக் குழுவினர்,
முழுநேரமாக பி.எட். பயிலும் திருமணமான பெண்களின் சங்கம்,
சென்னை.

பெறுநர்
அரசுச் செயலாளர் அவர்கள்,
உயர்கல்வித் துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

நகல்: பள்ளிக்கல்வித் துறை, சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறை ஆகியவற்றின் அரசுச் செயலாளர்கள், கல்லூரிக் கல்வி ஆணையர்.

பொருள்: முழுநேர பி.எட். படிப்புக் காலத்தில் குடும்பச் செலவைச் சமாளிக்க, கல்வி உதவித்தொகையைக் குறித்த தேதியில் வழங்குதல், பள்ளிப் பயிற்சிக் கால ஊக்கத்தொகை, குழந்தைகள் காப்பகம் ஆகியவற்றைக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

நாங்கள் பட்டப்படிப்பை முடித்து, திருமணமாகி, பிள்ளை பெற்று, அதன் பிறகு ஆசிரியராக வேண்டும் என்று மறுபடி கல்லூரிக்கு வந்தவர்கள். எங்களில் பலர் சிறிய தனியார் பள்ளிகளில் சில ஆண்டுகள் பாடம் நடத்தியிருக்கிறோம். பி.எட். இல்லாததால் அங்கே சம்பளமும் ஏறவில்லை, வேலையும் நிலைக்கவில்லை. அந்த வேலையை விட்டுவிட்டுத்தான் இந்தப் படிப்பில் சேர்ந்தோம். படிப்புச் செலவு தொடங்கிய அதே மாதத்தில் வீட்டு வருமானத்தில் ஒரு பங்கு நின்றுபோனது.

பி.எட். முன்பு ஓராண்டுப் படிப்பு. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 ஒழுங்குமுறைகளால் 2015-16 கல்வியாண்டு முதல் ஈராண்டாயிற்று. வகுப்புகளுக்கு 80 சதவீத வருகையும் பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீத வருகையும் கட்டாயம். இந்த விதிகளில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. பிள்ளைகள் முன் நிற்கப்போகிறவர் முறையாகப் பயின்றே வர வேண்டும். ஆனால், அந்த விதி எங்கள் பகல் முழுவதையும் எடுத்துக்கொள்கிறது. மாலையில் ட்யூஷன் எடுக்கலாமே என்று சொல்பவர்கள் உண்டு. எடுத்தும் பார்த்தோம். பாடக் குறிப்பு எழுதுவதும் சார்ட் வரைவதும் ரெக்கார்டு முடிப்பதும் அந்த மாலையில்தான் நடக்க வேண்டியிருக்கிறது. அடுப்பும் பிள்ளைகளின் வீட்டுப்பாடமும் அதே நேரத்துக்குக் காத்திருக்கின்றன.

எங்கள் உறுப்பினர் ஒருவர் தம் வீட்டுக் கணக்கு நோட்டைச் சங்கக் கூட்டத்துக்குக் கொண்டுவந்தார். கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். டீசலும் வண்டித் தவணையும் போக மாதம் ஏறக்குறைய 16,000 ரூபாய் வீட்டுக்கு வருகிறது. வாடகை 6,000, பால் 1,500, மகளிர் குழுக் கடன் தவணை 2,200, மாமியாரின் சர்க்கரை நோய் மருந்து 900. ரேஷன் அரிசி இருப்பதால் சோற்றுக்குக் குறையில்லை. பருப்பு, எண்ணெய், காய்கறியில்தான் இழுபறி. ஒரு சிலிண்டரை 45 நாள் ஓட்டுகிறார். பையன் அரசுத் தொடக்கப் பள்ளியில் படிக்கிறான். காலை உணவுத் திட்டத்தில் அங்கேயே சாப்பிட்டுவிடுகிறான். ஒரு வேளைச் செலவோடு காலை ஏழரை மணி நெருக்கடியும் அவருக்குக் குறைகிறது. இத்திட்டத்துக்கு இந்த இடத்தில் நன்றி சொல்லாமல் நகர எங்களுக்கு மனம் வரவில்லை.

அந்த நோட்டின் ஓரத்தில் அவர் தேதிகளைக் குறித்திருந்தார். 5 வாடகை, 10 பால், 12 குழு, 20 மருந்து. கல்வி உதவித்தொகை என்ற வரிக்கு எதிரே தேதி எதுவும் இல்லை. ஒரு கோடு மட்டும் இழுத்திருந்தார். கட்டணத்துக்குக் கல்லூரி கொடுத்த கெடுவுக்குள் அந்தத் தொகை வரவில்லை. பிறந்த வீட்டில் போட்ட கம்மல் அடகுக் கடைக்குப் போயிற்று. பிறகு தொகை வந்தபோது அதில் ஒரு பகுதி வட்டிக்கே சரியாகிவிட்டது. கூட்டத்தில் இருந்த பெரும்பாலோருக்கு இந்தக் கதையில் புதிதாக ஏதும் இல்லை. கம்மலுக்குப் பதில் வளையல், மோதிரம் என்று பொருள்தான் மாறியது.

மாதச் சம்பளம் இல்லாத வீட்டில் சிக்கனம் என்பதில் பாதி, தேதிகளை ஒன்றோடொன்று பொருத்துவதுதான். உரிய நாளில் வரும் ஆயிரம் ரூபாய் ஒரு வீட்டைத் தாங்கும். மூன்று மாதம் பிந்தி வந்தால் அதே ஆயிரம் பழைய கடனில் கரைந்துவிடும். அரசு இதை அறியாததல்ல. கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15இல் தொடங்கி மாதந்தோறும் வங்கிக் கணக்கில் சேர்கிறது. அதை நம்பி மளிகைக் கடைக்காரரிடம் எங்களால் நாள் சொல்ல முடிகிறது. கல்வி உதவித்தொகைக்கும் அப்படியொரு நாள் வேண்டும். எங்கள் முதல் கோரிக்கையும் தலையாய கோரிக்கையும் இதுதான்: போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உட்படத் தகுதியுள்ள எல்லா உதவிகளும் எந்த மாதம், எந்தத் தேதிக்குள் வழங்கப்படும் என்பதைச் சேர்க்கையின்போதே எழுத்தில் அறிவிக்க வேண்டும். பராமரிப்புப் படியைப் பத்து மாதங்களுக்குப் பிரித்து, மாதா மாதம் தர வேண்டும். தொகை வந்து சேரும் வரை, விண்ணப்பித்த மாணவியரிடம் தாமதக் கட்டணம் வசூலிப்பதையும் தேர்வு நுழைவுச் சீட்டை நிறுத்திவைப்பதையும் எல்லாக் கல்வியியல் கல்லூரிகளிலும் தடை செய்ய வேண்டும்.

இதோடு ஒட்டியது உதவித்தொகைக்கான வருமான வரம்பு. ஆண்டுக்கு 2.5 லட்சம் என்றால் மாதம் 20,833 ரூபாய். கணவரின் வருமானத்தோடு, நாங்கள் விட்டுவிட்டு வந்த வேலையின் சம்பளமும் சேர்ந்து இந்த வரம்பைத் தாண்டியதாக வருமானச் சான்று வாங்கி நின்ற உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அந்தச் சம்பளம் இன்று இல்லை. முழுநேரப் படிப்பில் சேர வேலையை விட்டவர்களுக்கு, விலகல் கடிதத்தைச் சான்றாக ஏற்று, நடப்பு வருமானத்தை மட்டுமே கணக்கிட ஆணையிட வேண்டுகிறோம்.

2022 செப்டம்பர் 5இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம் அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. எங்களில் பலரும் அதே பள்ளிகளில், அதே பெஞ்சுகளில் படித்தவர்களே. நாங்கள் இளநிலைப் பட்டம் படித்த ஆண்டுகளில் அத்திட்டம் இல்லை. இன்று நாங்கள் அந்தப் படியைக் கடந்துவிட்டோம். பி.எட். படிப்பின் இரண்டு ஆண்டுகளுக்கு மட்டுமேனும் அத்திட்டத்தை எங்களுக்கும் நீட்டிக்க வேண்டும்.

இரண்டாம் ஆண்டில் வரும் 16 வாரப் பள்ளிப் பயிற்சி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த வாரங்களில் நாங்கள் வகுப்பறையில் நின்று பாடம் நடத்துகிறோம், நோட்டுத் திருத்துகிறோம், விடுப்பில் இருக்கும் ஆசிரியரின் வகுப்பையும் சில நாள் பார்த்துக்கொள்கிறோம். கற்பித்தல் கருவிகளுக்கான அட்டை, வண்ணத்தாள், அச்சுப்படிச் செலவு எங்களுடையது. பயிற்சி மருத்துவருக்கு உதவித்தொகை உண்டு. 1961ஆம் ஆண்டுப் பழகுநர் சட்டத்தின்கீழ் தொழிற்சாலையில் பழகுபவருக்கும் உண்டு. ஆசிரியப் பயிற்சியில் இருப்பவருக்கு மட்டும் ஏன் இல்லை என்ற கேள்விக்கு எங்களுக்கு விடை கிடைக்கவில்லை. பள்ளிப் பயிற்சிக் காலம் முழுவதற்கும் மாத ஊக்கத்தொகை அறிவிக்க வேண்டும். அரசுக்குப் பணச் செலவே இல்லாத இன்னொன்றையும் கேட்கிறோம். பயிற்சிப் பள்ளியை ஒதுக்கும்போது, கைக்குழந்தை உள்ளவர்களுக்கு வீட்டுக்கு அருகே உள்ள பள்ளியைத் தர வேண்டும். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது பேருதவி. அந்தப் பேருந்து போகாத ஊரில் பள்ளி அமைந்தால் ஷேர் ஆட்டோவுக்கே மளிகைப் பணம் போய்விடுகிறது.

குழந்தையை யாரிடம் விட்டுவிட்டு வருவது என்பது எங்களில் சிலரைப் படிப்பின் நடுவிலேயே நிறுத்தியிருக்கிறது. ஒன்றரை வயதுக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு மாதம் 2,500 கொடுத்த ஒரு சகோதரி, இரண்டாம் பருவத்தில் கல்லூரிக்கு வருவதை விட்டுவிட்டார். ஒன்றிய அரசின் பால்னா திட்டம் ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்கான காப்பகங்களுக்கு வழி செய்கிறது. அரசுக் கல்வியியல் கல்லூரிகளிலேனும், வளாகத்திலோ நடந்து செல்லும் தூரத்திலோ அத்தகைய காப்பகம் ஒன்றைக் கல்லூரி நேரத்துக்கு ஏற்ப நடத்தித் தர வேண்டும்.

பயிலும் பெண்ணின் வீட்டுத் தேவையையும் கவனிப்பது சென்னைக்குப் புதிய எண்ணம் அன்று. 1911இல் பட்டம் பெற்ற சகோதரி சுப்புலட்சுமி, இளம் கைம்பெண்களுக்கு முதலில் தங்க இடமும் சாப்பாடும் தந்து, பிறகே அவர்களைப் படிக்க வைத்தார். எழும்பூரில் ஒரு வீட்டில் தொடங்கிய அந்த இல்லம் பின்னர் மெரினா கடற்கரையின் ஐஸ் ஹவுஸில் நடந்தது. 1922இல் லேடி விலிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி தொடங்கியபோது அதன் முதல்வராகப் பொறுப்பேற்றவரும் அவரே. ஒரு பெண் ஆசிரியராவதற்குப் பாடப்புத்தகத்தோடு வீட்டுக் கவலையும் தீர வேண்டும் என்பதை அவர் நூறாண்டுக்கு முன்பே அறிந்திருந்தார்.

மேற்கண்ட கோரிக்கைகளில் தேதி அறிவிப்பு, தாமதக் கட்டணத் தடை, அருகமைப் பள்ளி ஒதுக்கீடு ஆகிய மூன்றுக்கும் நிதி ஒதுக்கீடு தேவையில்லை. ஆணை ஒன்றே போதும். அடுத்த பி.எட். சேர்க்கை அறிவிப்பு வெளிவரும் முன் இம்மூன்றையும் நிறைவேற்றவும், மற்றவற்றை வரும் நிதிநிலை அறிக்கைக்குப் பரிந்துரைக்கவும் வேண்டுகிறோம். எங்கள் பிரதிநிதிகள் ஐவர் கணக்கு நோட்டுகளோடு நேரில் வந்து விளக்க நாள் ஒதுக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். மாலை நான்கரை மணிக்கு மேல் என்றால், வருகைப்பதிவு குறையாமல் எங்களால் வர இயலும்.



இங்ஙனம்,
தலைவர், செயலாளர், பொருளாளர்
மற்றும் உறுப்பினர்கள்